நாளுக்கு 40 நிமிடம்: வாசிப்பாலும் தியானத்தாலும் சொந்தத் தத்துவத்தை வளர்க்கும் முறை

தெரிந்தவர் ஒருவர் கடன் கேட்கிறார். இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை, கொடுத்துவிடுகிறீர்கள். பிறகு ஒரு வாரம் உள்ளுக்குள் புழுங்குகிறீர்கள். அந்தப் புழுக்கத்துக்குள் இரண்டு கொள்கைகள் முட்டிக்கொண்டு கிடக்கின்றன. கேட்டவருக்கு இல்லையென்று சொல்லக் கூடாது என்பது ஒன்று. என் உழைப்பை யாரும் இளப்பமாக எண்ணிவிடக் கூடாது என்பது இன்னொன்று. இரண்டையுமே நீங்கள் யோசித்துத் தேர்ந்தெடுத்ததில்லை. வீட்டிலிருந்தும் பள்ளியிலிருந்தும் பார்த்துப் பழகியவர்களிடமிருந்தும் வந்து ஒட்டிக்கொண்டவை. இப்படி எல்லோரிடமும் ஒரு தத்துவம் ஏற்கெனவே இருக்கிறது. அதை வெளியே எடுத்து, நல்ல நூல்களோடு உரசிப் பார்த்து, அமைதியாக உட்கார்ந்து சோதித்து, என்னுடையது என்று துணிந்து சொல்லக்கூடிய சில வரிகளாக ஆக்கிக்கொள்வதுதான் இங்கே சொல்லப்போகும் வேலை.

நாளொன்றுக்கு 40 நிமிடம் போதும். வாசிப்புக்கு 20, தியானத்துக்கு 15, இரவில் அன்றைய பொழுதைத் திரும்பிப் பார்க்க 5. 13 வாரத்தை ஒரு சுற்றாக வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருக்க வேண்டியவை 200 பக்க நோட்டு ஒன்று, பென்சில், டைமர், மூன்று நூல்கள். மொபைலில் குறிப்பெடுப்பது வேண்டாம். குறிப்பெடுக்கத் திறந்தவர் பத்து நிமிடம் கழித்து வேறெங்கோ இருப்பார்.

நூலை எடுக்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பிருகதாரண்யக உபநிடதத்தில் யாக்ஞவல்கியர் தன் மனைவி மைத்ரேயியிடம், ஆன்மாவைப் பற்றிக் கேட்க வேண்டும், சிந்திக்க வேண்டும், ஆழ்ந்து தியானிக்க வேண்டும் என்று மூன்று படிகளைச் சொல்கிறார். சிரவணம், மனனம், நிதித்தியாசனம் என்று பிற்கால வேதாந்தம் பெயர் வைத்தது இவற்றுக்குத்தான். பவணந்தியின் நன்னூலும் மாணவன் செய்ய வேண்டியவற்றைப் பாயிரத்தில் அடுக்கும்போது, பாடத்தைப் போற்றுவதற்கு அடுத்தபடியாக ‘கேட்டவை நினைத்தல்’ என்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இந்த நடுப்படியைத்தான். நிறையப் படிக்கிறார்கள், கண்ணை மூடியும் உட்காருகிறார்கள். படித்ததை எடுத்துவைத்துத் தன் வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்கும் நேரம் மட்டும் ஒதுக்கப்படுவதில்லை. அதனால் நூல் ஒரு பக்கம், தியானம் ஒரு பக்கம், வாழ்க்கை வேறொரு பக்கம் என்று போய்விடுகிறது.

முதல் வாரம்: நூலைத் தொடாதீர்கள்

முதல் 7 நாள் வாசிப்பே வேண்டாம். தினமும் இரவில் நோட்டில் மூன்று வரி எழுதுங்கள். இன்று எதற்குக் கோபம் வந்தது? எதைத் தள்ளிப்போட்டேன்? சிரமப்பட்டாவது எதற்கு நேரம் ஒதுக்கினேன்? ஒவ்வொரு வரிக்கும் கீழே ‘ஏனென்றால்’ என்று போட்டு ஒரு வரி, அதற்கும் கீழே இன்னொரு ‘ஏனென்றால்’ போட்டு ஒரு வரி.

இப்படி வரும்: “கூட்டத்தில் என் பேச்சை இடைமறித்தார், கோபம் வந்தது. ஏனென்றால் நாலு பேர் முன்னால் என் மதிப்புக் குறைந்தது. ஏனென்றால் மற்றவர்கள் மதிப்பதை வைத்துத்தான் நான் என்னை எடைபோடுகிறேன்.” இரண்டாவது ஏனென்றாலுக்குப் பின் வருவதுதான் நீங்கள் இன்றைக்கு உண்மையில் பின்பற்றிவரும் தத்துவம். வார முடிவில் இப்படி 21 வரி சேர்ந்திருக்கும். வரிசையாகப் படித்தால் மூன்று நான்கு சங்கதிகளே திரும்பத் திரும்ப வந்திருப்பது தெரியும்.

இங்கே வழக்கமாக நேரும் பிழை, எழுதுவதற்கு முன்பே வரியைத் துடைத்து மெருகேற்றுவது. ‘அநீதியைக் கண்டு கோபம் வந்தது’ என்று எழுதக் கை போகும். உண்மையில் வரிசையில் யாரோ முந்திப் போனதற்குத்தான் கோபம் வந்திருக்கும். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். நோட்டை யாரும் பார்க்கப் போவதில்லை.

அந்த 21 வரியில் உங்களை அதிகம் உறுத்துவதை எடுத்துக் கேள்வியாக மாற்றுங்கள். ‘பிறர் மதிப்பு எனக்கு எந்த அளவுக்குத் தேவை?’ என்பது நல்ல கேள்வி. நேற்று நடந்ததை வைத்து இன்றைக்கே சோதிக்கலாம். ‘வாழ்க்கையின் பொருள் என்ன?’ என்று தொடங்கினால் எந்தப் பதிலையும் எதனோடும் சரிபார்க்க முடியாது. அழகான வாசகங்கள் சேருமே தவிர வேலை நகராது. பெரிய கேள்விகள் வேண்டாம் என்பதில்லை; சின்னக் கேள்விகளைப் பிடித்துக்கொண்டு போனால் அவை தாமாகவே வந்து சேரும்.

மூன்றே நூல்கள்

13 வாரத்துக்கு மூன்று நூல்களுக்கு மேல் வேண்டாம். ஒன்று, உங்கள் கேள்வியை நேரடியாகப் பேசும் நூல். இரண்டாவது, அதே கேள்விக்கு எதிர்ப்பதில் தரும் நூல். மூன்றாவது, ஒரு மனிதர் தன் கொள்கையோடு எப்படி வாழ்ந்து பார்த்தார் என்று காட்டும் வாழ்க்கை வரலாறோ கடிதத் தொகுப்போ.

இரண்டாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். விட்டால் உங்கள் தத்துவம் ஒரே ஆசிரியரின் நகலாகிவிடும். கோபத்தை எடுத்துக்கொள்வோம். ரோமாபுரியின் தத்துவ அறிஞர் செனெக்கா கோபத்தைப் பற்றி மூன்று பாகமாக எழுதிய நூலில், அதை அடக்கினால் போதாது, அடியோடு நீக்க வேண்டும் என்று வாதிடுகிறார். அரிஸ்டாட்டிலோ உரிய ஆள்மீது, உரிய காரணத்துக்காக, உரிய அளவில், உரிய நேரத்தில் கோபப்படுபவரைப் பாராட்டுகிறார். இருவரையும் ஒரே வாரத்தில் படித்தால் உங்களுக்கென்று ஒரு பக்கம் எடுத்தே ஆக வேண்டும். சொந்தச் சிந்தனை பிறப்பது அந்த நெருக்கடியில்தான்.

தொடக்கத்தில் சின்னச் சின்னக் கூறுகளாக அமைந்த நூல்கள் கைகொடுக்கும். திருக்குறளில் 133 அதிகாரம், அதிகாரத்துக்கு 10 குறள். பௌத்த நூலான தம்மபதத்தில் 26 அத்தியாயங்களில் 423 பாடல்கள். பழைய சீன நூலான தாவோ தே ஜிங் 81 சிறு அத்தியாயங்கள். எபிக்டெட்டஸின் கையேட்டில் 53 பகுதிகள், சில ஒரு பத்திகூட வராது. எபிக்டெட்டஸ் அடிமையாகப் பிறந்தவர், தானாக எதையும் எழுதவில்லை. அவர் பேசியதைக் கேட்டுத் தொகுத்தவர் மாணவர் அர்ரியன். அவர் போதித்த, நம் கையில் இருப்பதில் மட்டும் கவனம் வைக்கச் சொல்லும் ஸ்டோயிக் வழியைப் பின்பற்றியவர்களில் ஒருவர் 161 முதல் 180 வரை ரோமப் பேரரசராக இருந்த மார்க்கஸ் அவ்ரேலியஸ். அடிமையும் அரசனும் ஒரே கொள்கையில் நிற்க முடிந்தது என்பதே அந்தக் கொள்கையைக் கொஞ்சம் நின்று பார்க்க வைக்கிறது. மார்க்கஸின் நூலை எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அது அவர் தனக்குத்தானே கிரேக்கத்தில் எழுதிவைத்தது. 12 பகுதிகளிலும் தொடர்ச்சி இருக்காது, சொன்னதையே திரும்பச் சொல்வார். நாவல் மாதிரி ஒரே மூச்சில் படித்தால் அலுத்துவிடும். நாளுக்கு இரண்டு மூன்று பத்திகளாக எடுத்தால் ஒருவர் தன்னைத் தினமும் எப்படித் திருத்திக்கொண்டார் என்பது தெரியும்.

மொழிபெயர்ப்பாக இருந்தால் முக்கியமான பகுதிகளை இரண்டு மொழிபெயர்ப்பில் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறுபடும் இடம் பெரும்பாலும் மூலத்திலேயே கடினமான இடமாக இருக்கும். நிற்க வேண்டியதும் அங்கேதான். குறளுக்கு இதையே உரைகளை வைத்துச் செய்யலாம். மணக்குடவரும் அவருக்குப் பின்வந்த பரிமேலழகரும் ஒரே குறளுக்கு வேறு வேறு பொருள் சொல்லும்போது, எது சரி என்று உடனே தீர்ப்புச் சொல்லாமல், எது என் அனுபவத்தோடு ஒட்டுகிறது என்று குறித்துவையுங்கள்.

மேற்கோள் தொகுப்புகளையும் பத்து நிமிடச் சுருக்க வீடியோக்களையும் இந்த 13 வாரத்துக்கு ஒதுக்கிவையுங்கள். முடிவை மட்டும் தருவார்கள், அந்த முடிவுக்கு வந்த வழியைத் தரமாட்டார்கள். உங்களுக்கு வேண்டியது அந்த வழி.

20 நிமிட வாசிப்பு

உரைநடை என்றால் இரண்டிலிருந்து நான்கு பக்கம், செய்யுள் என்றால் ஒன்றிரண்டு பாடல். அதற்கு மேல் போகாதீர்கள். அதையே மூன்று முறை படியுங்கள். ஒரு நூலை இரண்டு முறை கேட்டவன் பெரும்பாலும் பிழையில்லாமல் அறிவான், மூன்று முறை கேட்டவன் முறையறிந்து எடுத்துச் சொல்வான் என்கிறது நன்னூல். முதல் முறை பென்சில் இல்லாமல், எங்கே போகிறார் என்று மட்டும் பாருங்கள். இரண்டாம் முறை இரண்டே அடையாளம்: ஆசிரியரின் மையக் கருத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு, ஒத்துக்கொள்ள முடியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி. மூன்றாம் முறை வாய்விட்டு. கண் வழுக்கிக்கொண்டு போன சொல்லில் நாக்கு தடுக்கி நிற்கும்.

பிறகு நோட்டு. இடப் பக்கம் ஆசிரியருக்கு, வலப் பக்கம் உங்களுக்கு. இடப் பக்கத்தில் அவர் சொன்னதை நூலை மூடிவைத்துவிட்டு உங்கள் சொற்களில் இரண்டு வரி. மூடிய பிறகு எழுத வரவில்லையென்றால் புரியவில்லை என்று பொருள், திரும்பப் படியுங்கள். வலப் பக்கத்தில் உங்கள் வாழ்க்கையில் அது உண்மையான ஒரு சம்பவம், பொய்யான ஒரு சம்பவம். இரண்டும் வேண்டும். பொய்யான சம்பவம் கிடைக்கவில்லை என்றால் நீங்கள் அந்த ஆசிரியரை வழிபட ஆரம்பித்துவிட்டீர்கள். உண்மையானது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றால் அவர் பேசுவதை இன்னும் காதில் வாங்கவில்லை.

வாசகங்களை அப்படியே அழகான கையெழுத்தில் பெயர்த்து எழுதும் பழக்கம் பலருக்கு உண்டு. எழுதும்போது ஏதோ செய்து முடித்த நிறைவு கிடைக்கும், மனத்தில் ஒன்றும் நடந்திருக்காது. ஒரு பக்கத்துக்கு ஒரு மேற்கோளுக்கு மேல் அனுமதிக்காதீர்கள்.

15 நிமிடம் உட்காருவது

வாசித்து முடித்த கையோடு உட்காரலாம், அல்லது மறுநாள் விடிந்ததும். சாப்பிட்ட உடனே மட்டும் வேண்டாம், தூக்கம் வரும். தரையில் அமர்ந்தால் இடுப்புக்குக் கீழே மூன்று நான்கு அங்குல உயரத்துக்கு மடித்த போர்வையோ தலையணையோ வையுங்கள். இடுப்பு முழங்காலைவிட உயர்ந்திருந்தால் முதுகு தானாக நிமிரும், கால் மரத்துப்போவதும் குறையும். நாற்காலி என்றால் சாயாமல் முன்னுக்கு வந்து, இரண்டு பாதமும் தரையில் பதிய உட்காருங்கள். கால் மரத்தால் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்; வலியைப் பொறுத்துக்கொள்வதற்கு இங்கே மதிப்பெண் கிடையாது.

முதல் 6 நிமிடம் மூச்சு. வெளியே விடும் ஒவ்வொரு மூச்சுக்கும் ஓர் எண். ஒன்றிலிருந்து பத்து வரை, பிறகு மறுபடி ஒன்று. மூச்சை ஆழமாக்கவோ நீட்டவோ வேண்டாம், வருகிறபடி வரட்டும். 14, 15 என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் மனம் எப்போதோ கிளம்பிப் போய்விட்டது. போனது தெரிந்த அந்தக் கணத்தில் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். ஆறு நிமிடத்தில் இருபது முறை இப்படி ஆகலாம். அது தோல்வியில்லை, போனதைக் கவனித்துத் திரும்பக் கொண்டுவருவதுதான் பயிற்சியே. தூக்கம் கண்ணைச் சுழற்றினால் இமையைப் பாதி திறந்து இரண்டடி தள்ளித் தரையைப் பாருங்கள்.

அடுத்த 7 நிமிடம் மனனம். அன்று நோட்டில் எழுதிய ஒரே ஒரு வரியை மனத்துக்குள் மெல்லச் சொல்லுங்கள். அதோடு நடந்த ஒரு சம்பவத்தைக் கொண்டுவாருங்கள்; இடம், முகம், சொன்ன சொல் எல்லாம் தெரிகிற மாதிரி. பிறகு மூன்று கேள்வி. இந்த வரி அங்கே உண்மையாக இருந்ததா? நான் அப்போது இதை நம்பியிருந்தால் என்ன செய்திருப்பேன்? அதற்கு எதை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்திருக்கும்? பதிலைத் துரத்த வேண்டாம், கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

கடைசி 2 நிமிடம் எதுவும் செய்யாமல் இருங்கள். டைமர் அடித்ததும் தோன்றியதை ஒரு வரியில் குறித்துவிடுங்கள்.

இந்த நடுப் பகுதி எப்படி வேலை செய்கிறது என்பதை ஓர் இடத்தில் நெருங்கிப் பார்க்கலாம். குறளில் ஊழ் 38ஆம் அதிகாரம், ஆள்வினையுடைமை 62ஆம் அதிகாரம். 380ஆம் குறள், ஊழைவிட வலியது எது, அதைத் தடுக்க வேறு வழி தேடினாலும் அதுவே முந்திக்கொண்டு வந்து நிற்கும் என்கிறது. 620ஆம் குறள், சோர்வில்லாமல் தளராது முயல்பவர் ஊழையும் முதுகு காட்டி ஓடச் செய்வார் என்கிறது. ஒரே நூல், இரண்டு குரல். வாசிக்கும்போது இரண்டுக்கும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். உட்கார்ந்த பிறகு அது நடக்காது. கைநழுவிப்போன ஒரு வேலையையோ முறிந்துபோன ஓர் உறவையோ எடுத்துவைத்துக்கொண்டு இரண்டு குறளையும் மாறி மாறிச் சொல்லிப் பாருங்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ சங்கடமான ஒன்று தட்டுப்படும்: நாம் இரண்டையுமே நம்புகிறோம், ஆனால் நமக்கு வசதியான இடத்தில். நம் வெற்றிக்கு நம் முயற்சி, நம் தோல்விக்கு நேரம் சரியில்லை. அடுத்தவர் வெற்றிக்கு அவர் அதிர்ஷ்டம், அவர் தோல்விக்கு அவர் சோம்பல். இந்தக் கணக்கு வெளியே வந்த பிறகுதான் அந்தக் குறள்கள் உங்களோடு பேச ஆரம்பிக்கும். முடிந்துபோனதை 380ஆலும் இனிச் செய்ய வேண்டியதை 620ஆலும் பார்ப்பது என்று ஒருவர் முடிவெடுக்கலாம். தன் விஷயத்தில் 620, பிறர் விஷயத்தில் 380 என்று இன்னொருவர் வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டாவது நடைமுறையில் மனிதரை மென்மையாக்கும் என்பது எங்கள் எண்ணம். ஆனால் அதை உட்கார்ந்து கண்டடைந்தவருக்குத்தான் அது நிற்கும்.

மனனம் பகற்கனவாக மாறுவது அடிக்கடி நடக்கும். அடையாளம் எளிது: மனத்துக்குள் யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பீர்கள், வாதாடுவீர்கள், அந்த வாதத்தில் ஜெயித்தும் விடுவீர்கள். வரிக்குத் திரும்புங்கள். மூன்று முறை திரும்பியும் அதே சண்டை தொடர்ந்தால் அன்றைக்கு மனனத்தை விட்டுவிட்டு மூச்சை எண்ணுங்கள்.

எதிர்ப்பக்கத்துப் பிழை தன்னையே குத்திக்கொண்டிருப்பது. ‘நான் ஏன் இப்படி இருக்கிறேன்’ என்று ஆரம்பித்தால் அது மனனமாகாது, வெறும் வாதை. ‘அங்கே நான் செய்தது என்ன’ என்று செயலுக்குத் திருப்புங்கள். பழைய காயம் ஏதாவது கிளம்பி நெஞ்சு படபடத்தால் கண்ணைத் திறந்து, பாதத்தைத் தரையில் அழுத்தி, சுற்றியுள்ள ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லுங்கள், அன்றைக்கு அதோடு எழுந்துவிடுங்கள். மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. பல நாள் தொடர் மௌன முகாம்கள் புதியவர்களுக்கு முதல் படியாக வேண்டவே வேண்டாம்.

இரவு 5 நிமிடம்

செனெக்கா தன் கோப நூலின் மூன்றாம் பாகத்தில் தன் இரவு வழக்கத்தைச் சொல்கிறார். விளக்கு அணைந்து மனைவியும் பேச்சை நிறுத்திய பிறகு, அன்று செய்ததையும் பேசியதையும் முழுவதுமாகத் தனக்குத்தானே விசாரிப்பாராம். செக்ஸ்டியஸ் என்பவரிடமிருந்து வந்த மூன்று கேள்விகளை அங்கே குறிப்பிடுகிறார்: இன்று எந்தக் கெட்ட பழக்கத்தைக் குணப்படுத்தினாய், எந்தக் குறையை எதிர்த்து நின்றாய், எந்த வகையில் மேம்பட்டாய்? கேள்விகளைவிட அவர் தன்னிடம் பேசும் தொனி முக்கியமானது. எதையும் மறைப்பதில்லை, ஆனால் இனி இப்படிச் செய்யாதே, இந்த முறை மன்னித்துவிட்டேன் என்று முடித்துக்கொள்கிறார். அதே தொனியை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் தூக்கம் கெடும், மறுநாள் இந்தப் பக்கமே வரப் பிடிக்காது.

வரி எழுதுவது

ஐந்தாவது வாரத்துக்கு முன் எதையும் கொள்கை என்று எழுதாதீர்கள். அதுவரை நோட்டில் சேர்ந்தது போதும். ஐந்தாம் வாரத்தில் முதல் வரி. அதன் வடிவம்: இன்ன நிலை வந்தால் இன்னதைச் செய்வேன் அல்லது செய்யமாட்டேன், ஏனென்றால் இன்னது. நிலை, செயல், காரணம் மூன்றும் இருக்க வேண்டும். ‘அன்பே எல்லாம்’, ‘நேர்மையாக வாழ்வேன்’ போன்றவற்றில் நிலையும் இல்லை, செயலும் இல்லை. மறுநாள் பத்து மணிக்கு என்ன செய்வது என்று அவை சொல்லாது.

ஒரு வரி எப்படி முதிர்கிறது என்று பாருங்கள். முதலில் பெரும்பாலானவர்கள் எழுதுவது: “எப்போதும் உண்மையே பேசுவேன்.” நான்கு நாள் தாங்காது. நோயில் இருப்பவர் நான் தேறிவிடுவேனா என்று கேட்கும்போதோ, நண்பர் தன் கவிதையைக் காட்டும்போதோ உடைந்துவிடும். உடனே இப்படித் திருத்துவார்கள்: “பிறரைப் புண்படுத்தாத உண்மையை மட்டும் பேசுவேன்.” இது முந்தையதைவிட மோசம். சங்கடமான பேச்சு எல்லாவற்றையும் தவிர்க்க இது அனுமதிச் சீட்டு கொடுத்துவிடுகிறது, ஏனென்றால் சொல்ல வேண்டிய உண்மைகளில் பாதி யாரையாவது புண்படுத்தத்தான் செய்யும். சில வாரம் உட்கார்ந்த பிறகு வருவது இப்படி இருக்கலாம்: “நான் சொல்வதை நம்பி ஒருவர் முடிவெடுக்கப் போகிறார் என்றால், எனக்குத் தெரிந்ததை அவரிடம் மறைக்கமாட்டேன். எப்போது, எந்தச் சொல்லில் சொல்வது என்பதை மட்டும் நான் தேர்ந்தெடுப்பேன். ஏனென்றால் தவறான முடிவின் சுமை அவர் தோளில்தான் ஏறும்.” நண்பரின் கவிதைக்கும் நோயாளியின் கேள்விக்கும் இப்போது வேறு வேறு பதில் கிடைக்கிறது. நண்பர் வேலையை விட்டுவிட்டு முழுநேரம் எழுதலாமா என்று கேட்டால் அந்தப் பதிலும் கிடைக்கிறது.

எழுதிய வரியை மூன்று விதமாகத் தட்டிப் பாருங்கள். நீங்கள் செய்ய ஆசைப்படும் ஏதாவது ஒன்றை அது தடுக்கிறதா? எதையும் தடுக்காத வரி அலங்காரம். அறிவுள்ள ஒருவர் இதற்கு நேர்மாறாக நம்ப வாய்ப்புண்டா? யாருமே மறுக்க முடியாததைச் சொல்லியிருந்தால் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. இதே வரியை வேறொருவர் உங்களிடம் கடைப்பிடித்தால் ஏற்றுக்கொள்வீர்களா? மூன்றிலும் கடினமானது இந்தக் கடைசிதான். ‘உறவைவிட வேலையே முதல்’ என்று எழுதியவர்கள் பலர் இங்கே வந்துதான் பென்சிலைக் கீழே வைப்பார்கள்.

13 வாரத்தில் மூன்று வரி நின்றால் நல்ல அறுவடை. எத்தனை சுற்று போனாலும் ஏழு வரிக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள், தேவைப்படும் நேரத்தில் ஞாபகத்துக்கு வராது.

வாரத்துக்கு ஒரு வரியை மட்டும் கையில் எடுங்கள். அமெரிக்க அரசியல் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின் 13 நற்குணங்களைப் பட்டியலிட்டு வாரத்துக்கு ஒன்றில் மட்டும் கவனம் வைத்தார். 13 வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு நான்கு சுற்று. சிறிய நோட்டில் கட்டம் போட்டு, தவறியபோதெல்லாம் ஒரு கரும்புள்ளி வைத்தார். ஒழுங்கு என்ற குணம்தான் தன்னை மிகவும் பாடுபடுத்தியது என்று சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்தக் கிளம்பினால் எதைத் திருத்தினோம் என்றே தெரியாது என்பதால்தான் இந்த முறை. புள்ளி வைக்கும் பழக்கம் உங்களுக்கும் உதவும், ஆனால் புள்ளி இல்லாத வாரத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். அந்த வரிக்கு வேலை வரும் சூழலே அமைந்திருக்காது.

வழியில் சறுக்கும் இடங்கள்

பற்றின்மை பற்றிப் படித்துவிட்டு வீட்டில் யார் அழுதாலும் அசையாமல் உட்கார்ந்திருப்பது. இது அடிக்கடி நடக்கிறது, சுற்றியிருப்பவர்களுக்கு மிகவும் வலிக்கிறது. எபிக்டெட்டஸ் நம் கையில் இருப்பது, இல்லாதது என்று பிரித்தது, கையில் இருப்பதை இன்னும் சரியாகச் செய்வதற்காக. பக்கத்தில் இருப்பவருக்குக் காது கொடுப்பது நம் கையில் இருப்பது.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மார்க்கம் மாறுவது. ஒரு நூல் கடினமான கேள்வி கேட்கும் இடத்தில்தான் அடுத்த நூல் கவர்ச்சியாகத் தெரியும். மாறத் தோன்றினால் நோட்டில் தேதி போட்டு, எந்தப் பக்கத்தில் தோன்றியது என்று எழுதிவிட்டு, பத்து நாள் கழித்து முடிவெடுங்கள்.

கற்றதை உடனே பிறருக்கு உபதேசம் செய்வது. முதல் சுற்று முடியும்வரை உங்கள் வரிகளை யாரிடமும் சொல்லாதீர்கள். சொன்னால் பாராட்டு வரும், பாராட்டு வந்தபின் அந்த வரியை மாற்ற மனம் வராது. ஒரே விதிவிலக்கு, உங்களை மறுத்துப் பேசத் தயங்காத ஒருவர். அப்படி ஒருவர் கிடைத்தால் மாதம் ஒரு முறை அவரிடம் நோட்டின் வலப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள்.

நாள் தவறுவது பெரிய விஷயமில்லை. தவறிய நாளுக்குச் சேர்த்து மறுநாள் 80 நிமிடம் உட்காருவதுதான் தவறு. மூன்றாம் நாள் முழுதாக விட்டுப்போகும். நேரமே இல்லாத நாளில் ஒரு பத்தி, இரண்டு நிமிட மூச்சு, இரவில் ஒரே ஒரு கேள்வி. சங்கிலி அறாமல் இருக்க அது போதும்.

13ஆம் வாரம்

கடைசி வாரத்தில் புதிதாக வாசிக்க வேண்டாம். நோட்டை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். முதல் வாரத்து 21 வரிகளை இப்போதைய மூன்று வரிகளுக்குப் பக்கத்தில் வையுங்கள். எந்தக் கோபம் இன்னும் அதே இடத்தில் இருக்கிறது, எது தானாகக் கரைந்திருக்கிறது என்று தெரியும். உடைந்த வரிகளை அழிக்காமல், கிழிக்காமல், கீழே எழுத்து தெரியும்படி ஒற்றைக் கோட்டால் அடித்து, தேதியும் காரணமும் பக்கத்தில் எழுதுங்கள். நிற்கும் வரிகளைத் தனித் தாளில் பெயர்த்து, நோட்டின் பின் அட்டைக்குள் வையுங்கள். அடுத்த சுற்றுக்கான கேள்வியை வெளியே தேட வேண்டாம். அடித்த வரிகளில் எதை அடிக்கும்போது கை அதிகம் தயங்கியதோ, அதிலிருந்து எடுங்கள்.